பட்டா இல்லாத வீடு

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. கடல் கடந்து வந்து பிழைக்கும் நமக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் வளை கிடைப்பது ஒன்று. அது என்னுடையது என்று சொல்லும் உரிமை கிடைப்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தில் எத்தனையோ தேர்தல்கள் நடந்து முடிந்ததை நான் கண்டிருக்கிறேன்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். அதில் நூற்றுக்கு 86 பங்குக்கு மேல் அரசாங்கப் பதிவேட்டில் காடு. எஞ்சிய சிறு பகுதியிலேதான் ஊரும் வயலும் சாலையும் அலுவலகமும் அமைய வேண்டும். 1949 முதல் கிழக்கு வங்கத்து அகதிக் குடும்பங்களை அரசாங்கமே அழைத்து வந்து, உழுவதற்கு நிலமும் குடியிருக்க மனையும் அளித்தது. 1970களில் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. தமிழகத்திலிருந்து கூலி வேலைக்கெனத் தாமாகக் கப்பலேறி வந்தவர்களுக்கோ அத்தகைய ஏற்பாடு இல்லை. துறைமுகத்திலும் சாலைப் பணியிலும் பகலெல்லாம் உழைத்த அவர்கள், இரவில் எங்கே தலை சாய்ப்பார்கள் என்று கேட்பார் இல்லை. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேயரின் மலைச்சரிவுகளில், தகரமும் பலகையும் கொண்டு வீடுகள் எழுந்தன. என் தந்தையார் கட்டியதும் அவற்றுள் ஒன்று.

எங்கள் சரிவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் சிலரே. ஆகவே பள்ளியில் படிக்கும்போதே மனு எழுதும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. "ஐயா அவர்கள் கருணை கூர்ந்து" என்று தொடங்கி, "என்றென்றும் நன்றியுடையவர்களாக இருப்போம்" என்று முடிக்க வேண்டும் என்பார்கள். அண்டை வீட்டு மூதாட்டி ஒருவர் மட்டும், "கருணை எல்லாம் வேண்டாம் தம்பி. இருபது வருஷமாக இங்கே இருக்கிறேன், இங்கேதான் உழைத்தேன் என்று எழுது, போதும்" என்றார். பணிவு குறைந்தால் காரியம் கெட்டுவிடும் என்று மற்றவர்கள் அஞ்சினார்கள். அன்று எழுதிய மனுக்களில் நேர்மையானது அவருடையதே என்று இன்றும் நினைக்கிறேன்.

ஒரு தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் தெருக்குழாய் வந்தது. அடுத்த தேர்தலில் மின்விளக்கு வந்தது. மழைக்காலத்தில் வழுக்கி விழுந்த பாதைக்குச் சிமெண்டுப் படிகள் வந்ததும் அவ்வாறே. பட்டா மட்டும் எந்தத் தேர்தலிலும் வரவில்லை.

இவற்றைப் பெற்றுத் தந்த கட்சிப் பிரமுகரைப் பழிப்பது எளிது. ஆனால் நான் அவ்வாறு செய்ய மாட்டேன். சட்டத்தின் கதவு மூடியிருந்தபோது, நள்ளிரவில் சென்று தட்டினாலும் திறந்தது அவர் வீட்டுக் கதவுதான். பிரசவத்துக்கு வண்டி வேண்டுமென்றாலும் அவரிடம்தான் ஓடினோம். குடிநீருக்கு ஒருவர் வழி செய்தால், அவர் சொன்ன சின்னத்தில் முத்திரையிடுவது ஏழையின் அறியாமை அன்று. அவன் போட்ட கணக்கு. ஆயினும் அந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. குழாய்க்கு ஆண்டுதோறும் பழுது வரும். விளக்கு அடிக்கடி அணையும். அவற்றைக் கொடுத்தவரைத் தேடி நாம் மறுபடியும் போக வேண்டும். பட்டா கொடுத்துவிட்டாலோ கடன் தீர்ந்தது. அதன்பின் யார் காலடியிலும் நிற்க வேண்டியதில்லை. பட்டா வராமல் போனதன் இரகசியம் இதுவே.

நிற்க. சட்டம் ஒரு நாள் உண்மையாகவே வந்தபோது நடந்ததைப் பார்ப்போம். 2002 மே 7 அன்று, சேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரைகளை ஒட்டி உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. 1978க்குப் பின் காட்டு நிலத்தில் ஏற்பட்ட ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட வேண்டும் என்பது அதன் சாரம். காட்டையும் அதை நம்பி வாழும் தொல்குடிகளையும் காக்க எழுந்த நோக்கத்தை யார் குறை கூற முடியும்? ஆனால் எந்த ஆண்டில் வந்தாய், சான்று எங்கே என்ற கேள்வி எழுந்தபோது, பிரமுகரின் வாய்மொழி உறுதி எவருக்கும் சான்றாகாது என்பது விளங்கியது.

இது நம் தீவுகளுக்கு மட்டும் உரிய கதையன்று. தாயகத்தில் 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971இல் அதற்கெனச் சட்டமும் வந்தது. குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. அது பெரிய காரியம் என்பதில் ஐயமில்லை. அதே சென்னையில், ஆற்றங்கரைக் குடும்பங்கள் பலவற்றை 2000 முதல் தொலைவிலுள்ள கண்ணகி நகருக்கு அனுப்பினார்கள். பல தேர்தல்களில் வாக்களித்து வந்த பழக்கம் அவர்களைப் பழைய இடத்தில் நிறுத்தி வைக்கவில்லை.

சிங்கப்பூரையும் எண்ணிப் பாருங்கள். அங்கே 1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் மக்களுள் பெரும்பாலோருக்கு வீடளித்தது. 1997 பொதுத் தேர்தலை ஒட்டி, ஆளுங்கட்சியை ஆதரிக்கும் வட்டாரங்களுக்கே வீட்டு மேம்பாட்டுப் பணியில் முன்னுரிமை என்று அறிவித்தார்கள். எதிர்க்கட்சியைத் தேர்ந்தெடுத்த போத்தோங் பாசிர் தொகுதி மக்கள் மேம்பாட்டுக்காக நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. ஆனால் அவர்கள் வீட்டை எவரும் பறிக்கவில்லை. 99 ஆண்டுக் குத்தகைப் பத்திரம் அவரவர் பெயரில் இருந்தது. பத்திரம் கையில் உள்ளவன் விரும்பியபடி வாக்களிக்கலாம். மின்தூக்கி தாமதமாகலாம், அவ்வளவே.

நம் நாட்டில் 2015இல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டத்திலும், தாமே வீடு கட்டிக்கொள்வோருக்கான உதவித்தொகை மனையுரிமை காட்டுவோருக்கே உரியது. மிகுந்த தேவை உள்ளவன், காகிதம் இல்லாத காரணத்தால் வாசலிலேயே நிற்கிறான். பின்னர் அவன் மறுபடியும் யாரையோ தேடிப் போகிறான்.

ஆகையால் நம் குடும்பங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். பழைய குடும்ப அட்டை, மின்கட்டண ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றில் ஒன்றையும் எறிந்துவிடாதீர்கள். மனையுரிமைக்கு எழுதும்போது மனைவியின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். வீடு பெறுவோர் பட்டியலை 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டு வாங்கி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். ஒருவர் தனியாகக் கேட்க அஞ்சினால் பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள். வாக்குக் கேட்டு வருபவரை அன்புடன் வரவேற்று, தண்ணீர் கொடுத்து, குழாயைப் பற்றிப் பேசுவதற்கு முன் பட்டாவைப் பற்றிக் கேளுங்கள். உதவி செய்தவருக்கு நன்றி சொல்வது நம் பண்பு. அந்த நன்றிக்குக் குடியிருக்கும் வீட்டையே ஈடாக வைக்க வேண்டும் என்பது எந்த அறத்திலும் இல்லை.