சாம்பல் இழுத்த கல்

காஸ் லைட்டரைக் கட்டைவிரலால் அழுத்தும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் இறுகுகிறது. இறுக்கம் எல்லை தாண்டியதும் அது விடுபட்டுச் சிறு சுத்தியல் ஒன்றை எறிய, சுத்தியல் விரல்நுனி அகலம்கூட இல்லாத பீங்கான் உருளையில் போய் மோதுகிறது. நாம் கேட்கும் ‘டிக்’ அந்த அடிதான். அடிபட்ட கணத்தில் உருளையின் இரு முனைகளுக்கும் நடுவே பல ஆயிரம் வோல்ட் எழுந்து, குழாயின் வாயில் நீலப் பொறியாகத் தாவுகிறது. பேட்டரியும் இல்லை, மருந்தும் இல்லை. சிவகாசி, சாத்தூர் பக்கம் தீப்பெட்டித் தொழிலின் சரிவைப் பற்றிப் பேச்செடுத்தால், எங்கிருந்தோ வந்து பிழைப்பைக் கெடுத்த அந்நியச் சரக்காகவே லைட்டர் அடிபடும். அந்தப் பொறியின் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டு பின்னோக்கிப் போனால், கடைசியில் நமக்கு மிக அருகில், இலங்கையின் மணிக்கற்களிடம் வந்து நிற்கிறோம்.

1703இல் டச்சுக்காரர்கள் இலங்கையிலிருந்து ஒரு கல்லை ஹாலந்துக்குக் கொண்டுபோனதாக, 1707இல் வெளிவந்த ஜெர்மன் நூல் ஒன்று சொல்கிறது. தணலில் சூடேறினால் அந்தக் கல் சாம்பலைத் தன்னிடம் இழுக்கும், பிறகு உதறித் தள்ளும். அதனால் டச்சுக்காரர்கள் அதற்குச் ‘சாம்பல் இழுப்பான்’ என்று பெயர் வைத்தார்கள். உலகம் இன்று வழங்கும் டூர்மலின் என்ற பெயரோ, மணி வியாபாரிகளின் சிங்களச் சொல்லான ‘தோரமல்லி’யிலிருந்து வந்தது. 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலில் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை மின்கல் என்றே குறிப்பிட்டார். சூடான கல்லின் இரு முனைகளிலும் எதிரெதிர் மின்னேற்றம் இருப்பதை 1756இல் இயற்பியலாளர் ஏபினுஸ் காட்டினார். 1880இல் பாரிஸில் ஜாக் கியூரியும் அவர் தம்பி பியேரும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: சூடு ஒரு படிகத்தை விரித்துச் சுருக்கி மின்னேற்றம் தருகிறதென்றால், வெறும் அழுத்தமும் தர வேண்டாமா? டூர்மலின், குவார்ட்ஸ், புஷ்பராகம் என்று அழுத்திப் பார்த்தார்கள். தந்தது. கரும்புச் சர்க்கரைப் படிகமும் தந்தது. நம் வீட்டுக் கற்கண்டும் அதே சர்க்கரைப் படிகம்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சூட்டால் வரும் மின்சாரம் வேறு, அழுத்தத்தால் வரும் மின்சாரம் வேறு, இரண்டையும் முடிச்சுப் போடலாமா என்று கேட்கலாம். வேறுதான். குவார்ட்ஸில் இரண்டாவது உண்டு, முதலாவது கிடையாது. ஆனால் கியூரி சகோதரர்கள் குருட்டாம்போக்கில் கற்களை நசுக்கிப் பார்க்கவில்லை. எந்தப் படிகம் மின்சாரம் தரும் என்று முன்கூட்டியே ஊகிக்க, சூட்டு மின்சாரத்தைப் பற்றிய அறிவுதான் அவர்களுக்குக் கைகொடுத்தது. அந்த அறிவு தொடங்கிய இடம் தோரமல்லி. கண்டுபிடிப்பையே இலங்கைக்கு எழுதிவைக்க நான் வரவில்லை. கல்லும் பெயரும் இந்தப் பக்கத்துச் சொத்து, கவனித்த கண்ணும் கணக்குப் போட்ட மூளையும் ஐரோப்பாவுடையவை என்ற அளவோடு நிற்கிறேன்.

லைட்டருக்குள் தோரமல்லியா இருக்கிறது என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. அங்கிருப்பது ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் சேர்ந்த பீங்கான். 1950களில் உருவானது. அதற்கு முன்னோடி, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கா, ஜப்பான், சோவியத் ஒன்றியம் ஆகிய மூன்றும் தனித்தனியே கண்டடைந்த பேரியம் டைட்டனேட். இந்த இடத்தில்தான் தேடல் நேராக விருதுநகர் மாவட்டத்துக்குள் நுழைகிறது. பேரியம் என்ற பெயரைச் சிவகாசிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மத்தாப்பின் பச்சை நிறம் பேரியம் உப்பு தந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் அதற்குத் தடை போட்ட பிறகு ஊரே உச்சரித்த பெயர் அது.

பூர்வீகம் தெரிந்தால் தொழிலாளிக்குச் சோறு கிடைக்குமா? இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ரூபாயிலேயே பல ஆண்டுகள் நின்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. கைவேலையை நம்பியிருக்கும் பெண்களுக்கு ஒவ்வொரு பைசாவும் கணக்கு. இருபது ரூபாய்க்குக் குறைந்த சட்டைப்பை லைட்டர்களின் இறக்குமதியை 2023 ஜூனில் ஒன்றிய அரசு தடைசெய்தது சரியே, தூக்கியெறியும் பிளாஸ்டிக்கோடு தீக்குச்சி விலையில் மோத முடியாது. ஆனால் அந்த லைட்டர்களில் பல, சக்கரத்தை உரசிப் பொறி எடுப்பவை, பீங்கானே இல்லாதவை. அடுப்படி லைட்டரோ அந்தத் தடைக்குள் வராது. ஆகவே இந்தப் பொறியை ஊருக்கு வெளியே நிறுத்திவைக்க எந்த ஆணையாலும் ஆகாது. தீப்பெட்டியும் இங்கே முளைத்ததல்ல. 1922இல் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த வித்தை அது. அன்று வெளியூர் வித்தையைக் கற்று வானம் பார்த்த கரிசல் பூமியில் நட்டவர்களின் ஊருக்கு, அழுத்தினால் மின்சாரம் தரும் பீங்கான் எட்டாத வித்தையாக இருக்க நியாயமில்லை.

இன்னொரு வாசல் வழியாக அது ஏற்கெனவே ஊருக்குள் வந்தும்விட்டது. கியூரி சகோதரர்கள் கண்டதைத் திருப்பிப் போட்டால், மின்சாரம் கொடுத்துப் படிகத்தை அசைக்கலாம். இயற்பியலாளர் லிப்மன் 1881இல் கணக்கிட்டுச் சொல்ல, சகோதரர்கள் சோதித்து உறுதிசெய்தார்கள். ஊரில் ஃபிளெக்ஸ் அச்சிடும் இயந்திரத்தின் தலையில் வரிசையாக இருக்கும் பீங்கான் துணுக்குகள், மின்துடிப்பு வரும்போதெல்லாம் முடியிழையைவிட மிகக் குறைவாக நெளிந்து, ஒவ்வொரு நெளிவுக்கும் ஒரு மைத்துளியைத் துணியில் உதிர்க்கின்றன.