பேரனோடு எந்த மொழியில் கதைப்பது?

ஸ்காபரோ, கனடா

அன்புள்ள மச்சாள்,

பேரனுக்கு ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள், தெரபி ஆங்கிலத்தில் நடப்பதால் இனி வீட்டிலும் ஆங்கிலம்தான் என்று மகள் முடிவெடுத்துவிட்டாள் என எழுதியிருந்தீர்கள். இரண்டு மொழி கேட்டால் பிள்ளை குழம்பும் என்ற புத்திமதி இங்கேயும் வெகுகாலம் ஓடியது. 2012இல் மொன்றியலில் கேத்தரின் ஹாம்ப்ளியும் எரிக் ஃபோம்போனும் ஆட்டிசம் உள்ள 75 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். இரு மொழி கேட்டு வளர்ந்தவர்கள், ஒரு மொழி மட்டும் கேட்டவர்களைவிடப் பேச்சில் பின்தங்கவில்லை.

ஆட்டிசத்தைக் காட்டித்தர இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பெற்றோரிடம் கேட்டு, பிள்ளையோடு விளையாடிப் பார்த்துத்தான் அறிகிறார்கள். இங்கே பரவலாகப் பயன்படும் 'ஏடொஸ்' மதிப்பீட்டில் சோப்புக் குமிழி ஊதுவார்கள், பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடுவார்கள். பிள்ளை தன் சந்தோஷத்தை மற்றவரைத் திரும்பிப் பார்த்துப் பகிர்கிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா, வேண்டியதைச் சுட்டிக்காட்டுகிறதா என்று கவனிப்பார்கள். தமிழ் மட்டும் கேட்ட பிள்ளை ஆங்கிலக் கேள்விக்குப் பேசாமல் இருந்தால், அது மொழி புரியாததாலா வேறு காரணத்தாலா என்று பிரித்தறிய வேண்டும். அதனால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கும்படி இங்குள்ள பெற்றோருக்கு நான் சொல்வதுண்டு.

முடிவு கைக்கு வந்த பிறகும் காத்திருப்பு முடியாது. எங்கள் மாகாண அரசின் ஒன்ராறியோ ஆட்டிசம் திட்டத்தில் 60,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பதிந்திருக்கிறார்கள். பெரும்பாலானோருக்குச் சிகிச்சைப் பணம் இன்னும் வரவில்லை. 2019இல் அரசு, ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கு ஆண்டுக்கு 20,000 டொலர் வரை, மூத்தவர்களுக்கு 5,000 வரை என்று வயதை வைத்து வகுத்தது. பெற்றோர் சட்டமன்றத்தின் முன் திரண்டார்கள். தேவையைப் பார்த்துக் கொடுப்பதாக அரசு இறங்கிவந்தது. வரிசை மட்டும் குறையவில்லை.

திட்டத்தில் பதிந்த 12 முதல் 48 மாதப் பிள்ளைகளுக்கு இங்கே இன்னொரு உதவி உண்டு. பயிற்சியாளர் தாய் தகப்பனுக்கே பழக்கிக் கொடுப்பார். பிள்ளை காரை உருட்டினால் பக்கத்தில் இருந்து நீங்களும் உருட்ட வேண்டும். பிஸ்கட்டை உடனே நீட்டாமல் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அவன் பார்வையாலோ கையாலோ கேட்டதும், அதற்குரிய சொல்லைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். குளிக்க வார்க்கும்போதும் சோறு தீத்தும்போதும் இது நடந்தபடி இருக்க வேண்டும்.

நாள் முழுக்கச் செய்ய வேண்டிய இந்த வேலையை, யோசித்து யோசித்துக் கதைக்கும் மொழியில் யாரால் செய்ய முடியும்? ஆங்கிலம் மட்டும் என்றால் வீட்டில் முதலில் வாய் மூடப்போவது நீங்கள்தான். கதைக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு, தன்னோடு கதைக்க இருந்த ஒருவரும் இல்லாமல் போவார்.

தெரபியில் படங்களைக் காட்டிப் பழக்குகிறார்கள் என்றால் அதே படங்களை வீட்டுக்கும் கேட்டு வாங்குங்கள். தண்ணீர்ப் படத்தைத் தொட்டால் 'தண்ணி' என்று சொல்லி உடனே கொடுங்கள். படத்தைத் தொட்டுக் கேட்பதால் பேச்சு வராமல் போகும் என்ற பயம் வேண்டாம். காது கேட்கும் பரிசோதனை செய்திராவிட்டால் அதையும் செய்விக்கச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தை மகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆங்கிலம் மட்டும்தான் என்று தெரபிக்காரர் இன்னும் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறார் என்று அவள் கேட்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மச்சாள்