விழுந்தா யார் தூக்குறது?

"மணலிக்குப் போறதுக்கு எதுக்குய்யா பத்து நாள் லீவு? பாரிமுனையில பஸ் ஏறினா ஒரு மணி நேரம்!"

மேனேஜர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்.

"அது நம்ம திருவொற்றியூர் பக்கத்து மணலி சார். இது மணாலி. ஹிமாச்சலப் பிரதேசம். நடுவுல ஒரு துணைக்கால் உண்டு."

"ஒரு துணைக்காலுக்குப் பத்து நாளா!" என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இது நடந்தது 2022-ம் வருஷம், ஜூலை முதல் வாரம். நானும் என் பக்கத்து சீட் நண்பனும் கிளம்பிட்டோம். (பெயரைப் போட்டால் அவன் வீட்டில் எனக்கு உதை விழும். 'பக்கத்து சீட்' என்றே வைத்துக்கொள்வோம்.)

திட்டம் இதுதான். மணாலியில் ஆளுக்கொரு பைக் வாடகைக்கு எடுப்பது. ஸ்பிட்டி பள்ளத்தாக்கில் இருக்கிற காஸா வரை போய்த் திரும்புவது. ஒரு பக்கம் சுமார் 200 கிலோமீட்டர். சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டை தூரம்தான். ஆனால், உளுந்தூர்பேட்டைக்கு நாலு மணி நேரத்தில் போய் வடை சாப்பிட்டுவிடலாம். காஸாவுக்கு முழுசாக ஒரு பகல் வேண்டும். கிராம்ஃபூ என்கிற இடத்தைத் தாண்டிவிட்டால், ரோடு என்ற பெயரில் இருப்பதெல்லாம் கூழாங்கல், பாறை, மணல், குறுக்கே ஓடும் பனித்தண்ணீர். வழியில் பெட்ரோல் பங்க் கிடையாது. காஸாவில்தான் அடுத்த பங்க்.

அப்படிப்பட்ட வழிக்கு எந்த வண்டி?

இந்தக் கேள்விக்காக மூன்று மாசம் ஆபீஸ் லஞ்ச் டயத்தைக் காலி செய்தோம். ஜாதகப் பொருத்தம் பார்க்கிற மாதிரி ஒரு காகிதத்தில் கோடு போட்டு, இந்தப் பக்கம் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், அந்தப் பக்கம் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 என்று எழுதி, பொருத்தம் பார்த்தோம்.

ஹிமாலயன் 2016-ல் வந்தது. 411 சிசி, 24 குதிரை சக்தி, 15 லிட்டர் டாங்க். எக்ஸ்பல்ஸ் 2019-ல் வந்தது. 200 சிசி, 19 குதிரை சக்திக்குக் கொஞ்சம் கீழே, 13 லிட்டர் டாங்க். இரண்டுக்கும் முன் சக்கரம் 21 அங்குலம். கல்லில் ஏறி இறங்க பெரிய சக்கரம்தான் சௌகரியம். இரண்டுக்கும் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே 220 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒன்பது பொருத்தம் ஓகே!

பத்தாவது பொருத்தம் எடை. ஹிமாலயன் 199 கிலோ. எக்ஸ்பல்ஸ் 158. வித்தியாசம் 41 கிலோ. அதை நாங்கள் காகிதத்தில் எழுதினோம், படித்தோம், பக்கத்தைத் திருப்பினோம். அங்கேதான் சனி உட்கார்ந்திருந்தது.

மணாலி வாடகைக் கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நான் அஞ்சே காலடி உயரம், 58 கிலோ. பக்கத்து சீட் ஆறடி, 85 கிலோ. எக்ஸ்பல்ஸ் சீட் 825 மில்லிமீட்டர் உயரம். ஏறி உட்கார்ந்தேன். பரதநாட்டியம் ஆடுகிற மாதிரி கட்டைவிரல் மட்டும்தான் தரையில் பட்டது. ஹிமாலயன் சீட் 800 மில்லிமீட்டர். பாதி பாதம் ஜம்மென்று ஊன்றியது. தவிர, ஹிமாலயன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தால் அந்த கம்பீரமே தனி. ஊரில் பொண்ணு பார்க்கிற சமயம் வேறு!

"எனக்கு இதுதான் மச்சி" என்றேன்.

"ஒரகடத்துல செஞ்ச வண்டியை ஓட்ட இவ்வளவு தூரம் வந்திருக்கே பாரு" என்று சிரித்துவிட்டு, அவன் எக்ஸ்பல்ஸை எடுத்துக்கொண்டான்.

கடை மெக்கானிக் என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்தியில் அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இரண்டு விஷயம். ஒன்று, நாலாக்களை மத்தியானத்துக்கு முன்னால் தாண்டிவிடு. இரண்டு, வண்டி தண்ணீரில் விழுந்தால் உடனே ஸ்டார்ட்டரை அமுக்காதே. எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால், காற்றைப் போல அது அமுங்கிக் கொடுக்காது. உள்ளே கம்பி வளைந்து, எஞ்சினுக்கே சங்கு!

நாலா என்றால் ஓடை. மலை மேலே இருக்கும் பனி உருகி, ரோட்டுக்குக் குறுக்கே பாய்ந்து, கீழே சந்திரா நதியில் போய் விழும். ராத்திரி குளிரில் பனி இறுகிக் கிடப்பதால் காலையில் கணுக்கால் தண்ணீர்தான். வெயில் ஏற ஏற முழங்கால், அப்புறம் தொடை. நம்மூர் முனிசிபாலிட்டி குழாய்க்கு நேர் எதிர். இங்கே லேட்டாகப் போனால் தண்ணீர் ஜாஸ்தி!

ஒரு நாள் மணாலியில் சும்மா சுற்றி உடம்பைக் குளிருக்கும் உயரத்துக்கும் பழக்கிவிட்டு, மறுநாள் காலை கிளம்பினோம். நான் ஹெல்மெட் கேமரா மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டியதில் ஒன்றரை மணி நேரம் தாமதம். 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கப் பாதை ஒன்பது கிலோமீட்டர் நீளம். இந்தப் பக்கம் பச்சைப் பசேல், அந்தப் பக்கம் மொட்டை மலை. வெளியே வந்து வலது கைப் பக்கம் திரும்பினோம். கோக்ஸர், கிராம்ஃபூ... அதோடு தார் ரோடு கும்பிடு போட்டு விடைபெற்றது.

முதல் ஒரு மணி நேரம் நான் ராஜா. ஹிமாலயன் கல் மேல் யானை மாதிரி அசைந்து அசைந்து போனது. அவனுடைய எக்ஸ்பல்ஸ் ஆட்டுக்குட்டி போலத் துள்ளியது. "பார்த்தியா!" என்று கத்திக்கொண்டே போனேன். சத்ரு என்ற இடத்தில் டீ குடித்தோம். (பெயர்ப் பொருத்தத்தைக் கவனியுங்கள்!) அதற்கப்புறம் அவன் முன்னால் போய்விட்டான். நான் பின்னால். மணி ஒன்றேகால்.

வளைவு திரும்பினால், எதிரே ஒரு நாலா. அகலம் நம்ம தெரு அளவு. தண்ணீர் பால் கலங்கினாற்போல் ஓடுகிறது. அடியில் என்ன கல், எவ்வளவு ஆழம், எதுவும் தெரியவில்லை. முறைப்படி இறங்கி நடந்து பார்க்க வேண்டும். ஷூ நனையுமே என்று யோசித்தேன். புது ஷூ!

முதல் கியரில் இறங்கினேன். பாதி தூரத்தில், பார்க்கக் கூடாத இடத்தைப் பார்த்தேன். அதாவது தண்ணீரை. எதிர்க்கரையைப் பார்த்து, ஃபுட்ரெஸ்ட்டில் நின்றபடி, ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராகப் பிடிக்க வேண்டும். நான் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரை விட்டேன். முன் சக்கரம் ஒரு கல்லில் மோதி நின்றது. ஊன்றிய கால் வழுக்கியது. அவ்வளவுதான். 199 கிலோ வண்டி, 20 கிலோ மூட்டை, 58 கிலோ நான், மூவரும் தண்ணீரில்.

தப்பு வண்டியுடையது இல்லை, சத்தியமாக என்னுடையது. கில் ஸ்விட்சைத் தட்டினேன். வண்டிக்கு அடியிலிருந்து காலை உருவினேன். கணுக்கால் 'மடக்' என்றது. எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தேன். ஈ, காக்கா இல்லை.

தூக்கிப் பார்த்தேன். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, ஒரு கையால் ஹேண்டில்பார், ஒரு கையால் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்து, காலால் உந்தி எழ வேண்டும் என்று யூடியூபில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். யூடியூபில் சென்னைக் காற்று. இங்கே மூவாயிரத்து சொச்சம் மீட்டர் உயரம். ஒரு தம் கட்டினால் அரை சாண் எழும்பியது. மறுபடி தொப்! மூன்றாவது தடவை கண்ணுக்குள் பூச்சி பறந்தது. மாடி ஏறி இறங்கியவன் மாதிரி இல்லை, எல்.ஐ.சி. கட்டடமே முதுகில் ஏறி உட்கார்ந்த மாதிரி மூச்சு வாங்கியது.

நான் தண்ணீரில் ஒரு கல்லை அடையாளம் பார்த்து வைத்திருந்தேன். இருபது நிமிஷத்தில் அந்தக் கல் காணாமல் போய்விட்டது.

அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது. மொபைலில் சிக்னல் இல்லை. தண்ணீர் ஐஸ். இன்னும் ஒரு மணி நேரம் போனால் வண்டி சந்திராவுக்கு நகர ஆரம்பித்துவிடுமோ? டெபாசிட் பணம் போகட்டும். பொழுது சாய்ந்த பிறகு, நனைந்த துணியோடு இங்கே நான் என்ன ஆவேன்? காகிதத்தில் கோடு போட்டு எழுதிய சிசி, குதிரை சக்தி, மில்லிமீட்டர் ஒன்றுகூட அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. 41 என்ற ஒரே ஒரு நம்பர்தான் மண்டைக்குள் மணி அடித்தது.

வளைவிலிருந்து நாலு பேர் வந்தார்கள். எல்லைச் சாலை அமைப்புக்காக ரோடு போடும் தொழிலாளிகள். ஜார்க்கண்ட்காரர்களாம். காலில் கம் பூட்ஸ், தோளில் மண்வெட்டி. ஒரு வார்த்தை கேட்கவில்லை. மண்வெட்டிகளைக் கரையில் வைத்தார்கள், இறங்கினார்கள், 'ஹை...ஸா!' ஒரே தூக்கு. வண்டி கரையில் நின்றது. பர்ஸை எடுத்தேன். பெரியவர் கையை ஆட்டி வேண்டாம் என்றார். என் கை ஸ்டார்ட்டர் பட்டனுக்குப் போனபோது, பட்டென்று அதையும் தட்டிவிட்டார். மெக்கானிக் சொன்ன இரண்டாவது விஷயம் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

என்னைக் காணோமே என்று பக்கத்து சீட் திரும்பி வந்தான். ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்தான். நல்ல வேளை, காய்ந்திருந்தது. ஸ்டார்ட் ஆனது.

அன்றைக்கு அவனுக்கும் ஒரு பரீட்சை பாக்கி இருந்தது. படால் தாண்டி குன்ஸம் கணவாய். உயரம் சுமார் 4,550 மீட்டர். தொட்டபெட்டா தலையில் முக்கால் தொட்டபெட்டாவை வைத்த மாதிரி! அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். காற்று குறைந்தால் எஞ்சினுக்கும் மூச்சு முட்டும். நூற்றுக்கு நாற்பது பங்கு பலம் போய்விடும். 24 குதிரையில் பத்து குதிரை லீவ் போட்டுவிட்டன. மிச்சம் பதினாலும் என்னை இழுத்துக்கொண்டு ஏறின. எக்ஸ்பல்ஸில் மிச்சம் பதினோரு குதிரைதான். மேலே 85 கிலோ ஆள், மூட்டை. முதல் கியரில் 'ஐயோ... அம்மா...' என்று அழுதுகொண்டே ஏறியது. நடந்து போனவர்கள் முந்தியிருப்பார்கள். நல்ல வேளை, நடப்பவர் யாரும் இல்லை.

உச்சியில் குன்ஸம் மாதா கோயில். வண்டிகள் எல்லாம் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போகும். நாங்களும் சுற்றினோம். நான் கூடவே ஒரு சுற்று, ஜார்க்கண்ட் பெரியவருக்காக.

காஸாவில் இரண்டு நாள் இருந்தோம். கீ மடாலயம், ஹிக்கிம் கிராமத்துத் தபாலாபீஸ் எல்லாம் பார்த்தோம். மேனேஜருக்கு அங்கிருந்து ஒரு கார்டு போட்டேன். கணுக்காலுக்கு மஞ்சள் பற்று. திரும்பும்போது வண்டியை மாற்றிக்கொண்டோம்.

என்ன சொல்ல! ஆறடிக்காரனுக்குக் கீழே ஹிமாலயன் சொன்ன பேச்சுக் கேட்டது. லோசர் வரை நேர் ரோட்டில், எதிர்காற்றில், ரயில் மாதிரி போனான். என் 58 கிலோவைத் தூக்கிக்கொண்டு எக்ஸ்பல்ஸ் குன்ஸம் மேட்டில் முனகாமல் ஏறியது. இறக்கத்தில், சரளைக் கல்லில், மறுபடியும் விழுந்தேன். ஆமாம், மறுபடியும்! நிற்கும்போது காலும் எட்டவில்லை, சாய்ந்தது, விழுந்தேன். ஆனால், யாரையும் கூப்பிடவில்லை. முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு தம். வண்டி நின்றுவிட்டது. பக்கத்து சீட் திரும்பிப் பார்ப்பதற்குள் தூசி தட்டிக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி நின்றேன்.

காலையில் ஆறரைக்கே கிளம்பியதால் அதே நாலாவை ஒன்பதரைக்குத் தாண்டினோம். கணுக்கால் தண்ணீர். இந்தத் தடவை முதலில் ஷூவோடு இறங்கி நடந்து பார்த்தேன்.

இப்போது இரண்டு வண்டிக்கும் வாரிசு வந்துவிட்டது. 2023 நவம்பரில் ஹிமாலயன் 450 வந்தது. 40 குதிரை, எடை 196 கிலோ. 2025-ல் எக்ஸ்பல்ஸ் 210 வந்தது. பலமும் கூட, எடையும் கொஞ்சம் கூட. லஞ்ச் டயத்தில் யாராவது 'எது பெஸ்ட்?' என்று கேட்டால், நான் சிசி பேசுவதில்லை. நீங்க எவ்வளவு கிலோ, கூட யார் வர்றாங்க, இதுதான் கேட்பேன். பெரும்பாலும் தார் ரோடு, நீண்ட தூரம், பின்னால் ஓர் ஆள், தூக்க ஒரு துணை என்றால் பெரிய வண்டி. கல்லும் தண்ணீரும்தான் வழி, அதுவும் தனியாக என்றால் சின்ன வண்டி. சந்தேகமா? எடுக்கப் போகும் வண்டியை ஒரு மண் தரையில், மூட்டையோடு, மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்துவிட்டு, தனியாகத் தூக்கிப் பாருங்க. இரண்டு தடவை தூக்க முடிந்தால் அது உங்க வண்டி. முடியலைன்னா அது போட்டோவுக்குத்தான்.

பதினோராவது நாள் ஆபீஸில் நொண்டிக்கொண்டே நுழைந்தேன். மேனேஜர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்னய்யா, துணைக்காலை அங்கேயே விட்டுட்டு வந்துட்டியா?"