மேயர் உண்டு, மக்கள் இல்லை!

பிரான்ஸில் வெர்டன் நகருக்குப் பக்கத்தில் ஃப்ளூரி என்றொரு கிராமம். அதற்கு மேயர் இருக்கிறார். குடியிருப்பவர் ஒருவர்கூட இல்லை! ஓட்டுப்போட ஆளில்லாததால், மேயரை அரசே நியமிக்கிறது.

மரங்களுக்கு நடுவே நடைபாதை போகிறது. இங்கே பேக்கரி இருந்தது, இங்கே பண்ணை வீடு இருந்தது என்று அடையாளங்கள் நட்டிருக்கிறார்கள். பார்த்தால் புல் மூடிய பள்ளங்கள்தான். எல்லாம் பீரங்கி குண்டு விழுந்த பள்ளங்கள்.

1916 பிப்ரவரி 21 காலையில் சுமார் 1,200 ஜெர்மானிய பீரங்கிகள் வெர்டனை நோக்கி முழங்கின. சண்டை 10 மாதம் நீடித்தது. ஃப்ளூரி மட்டும் 16 முறை கைமாறியது. எதை மீட்டார்களோ, கடைசியில் அங்கே ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை.

இவ்வளவு குண்டுகளை எப்படிப் பொழிய முடிந்தது? பழைய பீரங்கி ஒவ்வொரு முறை சுடும்போதும் வண்டியோடு பின்னால் உருளும். இழுத்து வந்து, மறுபடி குறிபார்க்க வேண்டும். 1897-ல் பிரான்ஸ் உருவாக்கிய 75 மி.மீ. பீரங்கியில் குழல் மட்டும் பின்னுக்குப் போய், எண்ணெயும் அழுத்தக் காற்றும் தள்ள, தானே முன்னுக்கு வந்துவிடும். வண்டி நகராது. நிமிடத்துக்கு 15 குண்டுகள்! மற்ற நாடுகளும் இதே வழிக்கு வந்தன. குண்டு செய்ய இரவும் பகலும் தொழிற்சாலைகள் ஓடின.

அருகிலுள்ள டூமோன் நினைவகத்தின் சின்ன ஜன்னல்கள் வழியே எலும்புக் குவியல்கள் தெரியும். அடையாளம் தெரியாத சுமார் 1,30,000 வீரர்கள். பிரெஞ்சுக்காரர் யார், ஜெர்மானியர் யார் என்று பிரிக்க முடியவில்லை.

போகிறவர்கள் பாதையைவிட்டு இறங்காதீர்கள். வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன.