கேட்டை செய்த கேடு என்ன?

என் தமக்கை பிறந்த அன்று நிலவு கேட்டை மீனின் பக்கம் நின்றதாம். அன்று நின்றது நிலவு. இன்று நிற்பது அவள் திருமணம்! "கேட்டையில் பிறந்தவள் மூத்த மைத்துனனுக்கு ஆகாதவள்" என்று சொல்லி மூன்று குடும்பத்தார் கைகழுவிச் சென்றனர். மூன்றாம் முறை, உடுத்திய பட்டுச் சேலையை அவள் பேசாமல் மடித்துப் பெட்டியில் வைத்தாள். அன்றிரவுதான் கேட்டேன்: யார் இந்தக் கேட்டை?

விருச்சிகத்தின் நடுவே செந்தணலாய் ஒளிரும் மீன் அது. மேலைநாட்டார் அண்டாரெஸ் என்பர். ஞாயிற்றைப் போல் ஏறத்தாழ 12 மடங்கு நிறை. 700 மடங்கு விட்டம். ஞாயிற்றின் இடத்தில் அதனை வைத்தால், பூமியும் செவ்வாயும் அதன் வயிற்றுக்குள் அடங்கும். அதன் ஒளி நம்மை எட்ட ஏறத்தாழ 550 ஆண்டுகள் ஆகும். தமக்கை பிறந்த நாளில் புறப்பட்ட ஒளி பத்தில் ஒரு பங்கு வழியைக்கூடக் கடக்கவில்லை. பழி மட்டும் வந்து சேர்ந்துவிட்டது!

பெருமீனின் வாழ்வு ஊதாரிச் சீமானின் வாழ்வு. ஞாயிறு 1000 கோடி ஆண்டுகள் வாழும். பெருமீனோ ஓரிரு கோடி ஆண்டுகளில் முடியும். ஹைட்ரஜன் எரிந்து ஹீலியமாகும், ஹீலியம் கரியாகும், பின்னர் ஆக்சிஜன், சிலிக்கன். சிலிக்கன் எரிவது சில நாட்களே. எஞ்சுவது இரும்பு. இரும்பை எரித்து ஆற்றல் பெற இயலாது. அடுப்பு அணைந்ததும், தாங்குவார் இன்றி நடுப்பகுதி ஒரு நொடிக்குள் இடிந்து விழுகிறது. மேற்பகுதி வெடித்துச் சிதறுகிறது.

வெண்குறுமீனாய் மாண்ட விண்மீன் தன் எடையைத் தானே தாங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. அது ஞாயிற்றின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1930-இல் சென்னையில் படிப்பை முடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது இளைஞர் சந்திரசேகர், வழியிலேயே இதனைக் கணக்கிட்டார். 1935-இல் இலண்டன் அவையில் பேரறிஞர் எடிங்டன் அதனை எள்ளி நகையாடினார். பெரியவர் சொன்னாரென்று கணக்கு வளைந்ததா? இல்லை! 1983-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1987-இல் பெரிய மெகல்லன் முகிலில் ஒரு பெருமீன் வெடித்தபோது, அதன் நியூட்ரினோத் துகள்கள் ஜப்பானின் நிலத்தடித் தொட்டியில் பதிந்தன. நடுப்பகுதி இடிந்து விழும் என்ற கணிப்பு மெய்ப்பட்டது.

அவ்வாறு வெடித்த மீன்கள் வாரி இறைத்ததே நாம் மூச்சிழுக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி; நம் குருதியின் இரும்பிலும் ஒரு பங்கு. சாவிலும் கொடுக்கும் மீனுக்கா கேடு சூழும் பட்டம்?

ஆனித் திங்கள் இரவொன்றில் தமக்கையை மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று தென்வானைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"தம்பி, இவ்வளவு பெரியது, இவ்வளவு தொலைவில் இருப்பது, முகந்தெரியாத என் மைத்துனனையா தேடி வரப்போகிறது?"

சிரித்தாள். பல திங்களுக்குப் பின் கேட்ட சிரிப்பு அது.

தோழனே! நாளை உன் வீட்டில் பெண் பார்க்கப் புறப்படுவார்கள். அவள் எந்த மீனில் பிறந்தாள் என்று கேட்கும் வாயை அடக்கு. அவளுக்கு உன்னைப் பிடித்திருக்கிறதா என்று கேள்!