நாலு லிட்டர் பாசம்

எங்கள் வீட்டு வாசலில் 1986 மாடல் அம்பாசிடர் ஒன்று நிற்கிறது. பெட்ரோல் வண்டி. அப்பா இருபத்தைந்து வருஷம் டாக்சி ஓட்டியது. நான் பி.காம். முடித்ததும், அக்கா கழுத்தில் தாலி ஏறியதும் அதன் புண்ணியத்தில்தான். அப்பாவுக்கு இப்போது எழுபத்து நாலு. ஞாயிற்றுக்கிழமை கோயில் வரைக்கும் ஓட்டுவார். மற்ற நாட்களில் துடைப்பார்.

போன வருஷம் போனஸ் வந்தது. அப்பாவுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தால் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். சரி, வண்டிக்கு ஆயில் வாங்குவோம் என்று கடைக்குப் போனேன்.

"இருக்கறதுலயே காஸ்ட்லி எது?"

காமர்ஸ் படித்தவன் கேட்கிற கேள்வியா சார் இது? கடைக்காரர் சந்தோஷமாக ஃபுல் சிந்தடிக் கேனை எடுத்து வைத்தார். 0டபிள்யூ-20. நாலு லிட்டர்.

அப்பா விரலில் தொட்டுப் பார்த்தார். "தண்ணி மாதிரி இருக்கேடா..."

"அதுதாம்ப்பா லேட்டஸ்ட்!"

அப்புறம் அவர் பேசவில்லை.

ஆறு மாசம் கழித்து இன்ஜினில் 'டக்... டக்...' என்று சத்தம். மேடு ஏறினால் மூச்சு வாங்கல். மெக்கானிக் பாய் வந்து வால்வ் கவரைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றினார். எட்டு வால்வில் ஏழு ஒழுங்காக இறங்கி ஏறின. ஒன்று மட்டும் அரசு ஆபீஸ் மின்விசிறி மாதிரி, பேருக்கு அசைந்துவிட்டு நின்றது.

"கேம் தேஞ்சிருச்சு தம்பி. பாதி பழைய தேய்மானம். மீதி நீங்க ஊத்துனது."

மூன்று வருஷம் தேய்மானக் கணக்குப் போட்டுப் பாஸானவன் நான். தேய்மானத்தைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

ராத்திரி உட்கார்ந்து படித்தேன். விஷயம் இதுதான். இன்ஜின் நிமிஷத்துக்கு 2000 சுற்று சுற்றினால், கேம் ஷாஃப்ட் 1000 சுற்று சுற்றும். பல புது இன்ஜின்களில் கேமுக்கு அடியில் உருளை இருக்கும், உருண்டு போய்விடும். அம்பாசிடரில் தட்டையான டேப்பட். இரும்போடு இரும்பு உரசும். நடுவில் காப்பது ஆயிலில் கலந்திருக்கும் இசட்.டி.டி.பி. என்கிற சரக்கு. துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்தது. உரசுகிற இடத்தில் கண்ணாடி மாதிரி மெல்லிய படலமாகப் படிந்து, இரும்புக்குப் பதில் தான் தேயும்.

ஆனால் இதிலுள்ள பாஸ்பரஸ், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். நம் ஊரில் அந்தக் கருவி 1995-ல் நாலு பெருநகரங்களின் புது பெட்ரோல் கார்களில்தான் முதலில் கட்டாயமானது. அதைக் காப்பாற்ற, மெல்லிய ரக ஆயில்களில் பாஸ்பரஸைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 2004-ல் உச்சவரம்பு 0.08 சதவீதம். புது வண்டிக்கு அது நல்ல ஆயில். கன்வெர்ட்டரே இல்லாத எங்கள் கிழவனுக்கு அது பத்தியச் சாப்பாடு. அதோடு அவ்வளவு மெல்லிசும் ஆகாது.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் விலையைப் பார்க்காதீர்கள். கேன் மேல் உள்ள ரகத்தைப் பாருங்கள். நம் வெயிலுக்கும் இந்த இன்ஜினுக்கும் 20டபிள்யூ-50. கம்பெனி தரும் விவரத் தாளில் பாஸ்பரஸ் 0.10-லிருந்து 0.12 சதவீதம் இருந்தால் போதும். 'இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே' என்று தனி பாட்டில் வாங்கி ஊற்றாதீர்கள். அளவுக்கு மிஞ்சினால் அதுவே இரும்பை அரிக்கும்.

புது கேமும் டேப்பட்டுகளும் போட்டார் பாய். ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் விடாமல், 2000 சுற்றில் இருபது நிமிஷம் ஓடவிட்டார். முதல் உரசலில்தான் புது கேம் பிழைப்பதும் போவதும். அப்பா பக்கத்திலேயே காது கொடுத்து நின்றார், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிற மாதிரி.

பாய் போனதும் கேட்டேன். "தண்ணி மாதிரி இருக்குன்னு அன்னிக்கே தெரிஞ்சுதே... ஏம்ப்பா ஊத்த விட்டீங்க?"

துணியை எடுத்து பானெட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இத்தனை வருஷத்துல நீ அதுக்குன்னு வாங்கிட்டு வந்தது அது ஒண்ணுதான். வேண்டாம்னு எப்படிடா சொல்றது?"

இந்த வருஷ போனஸில் 20டபிள்யூ-50 வாங்கினேன். விலை பாதிகூட இல்லை. மிச்சப் பணத்தில் அப்பாவுக்கு ஒரு வேட்டி.

ஆயிலை உடனே ஊற்றிவிட்டார். வேட்டி பீரோவில் இருக்கிறது.