பசுவின் ஏப்பம்

விருந்தாளி ஏப்பம் விட்டால் நாம் மகிழ்கிறோம். வயிறு நிரம்பிற்று என்று அதற்கு அர்த்தம். பசுவின் ஏப்பத்துக்கோ அர்த்தமே வேறு. தின்ற தீவனத்தில் ஒரு பங்கு பாலாகாமல் வீணாயிற்று என்பதே அது. பசுவின் முதல் வயிற்றில் வைக்கோல் நொதிக்கும்போது மீதேன் என்னும் வாயு உண்டாகிறது. அது ஏப்பமாய் வெளியேறி, ஆகாயத்தில் கலந்து, பூமியையும் காய்ச்சுகிறது.

பெங்களூரிலுள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கு ஒரு பரிகாரம் கண்டிருக்கின்றனர். துவர்ப்புச் சத்து மிகுந்த தாவரங்களைக் கொண்டு செய்த அந்தத் துணைத் தீவனத்துக்கு 'ஹரித் தாரா' என்று பெயர். மீதேனை 17 முதல் 20 சதவீதம் வரை அது குறைக்கும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. 2019-ஆம் வருஷக் கணக்கின்படி நம் தேசத்து மாடுகள் 19 கோடிக்கு மேல். எருமைகள் ஏறக்குறைய 11 கோடி. ஆகவே இது அற்ப சமாசாரமன்று.

ஆயினும், இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் குடியானவரிடம், "உலகம் சூடாகிறது, ஐயா! மருந்து வாங்கும்" என்று உபதேசிப்பது நியாயமாகுமா? செம்பில் பால் ஏறுமா என்பதே அவர் கேட்கும் கேள்வி. ஏறினால் அவரே வாங்குவார். ஏறாவிட்டால், அச்செலவைப் பால் குடிக்கும் நாமன்றோ பகிர்ந்துகொள்ள வேண்டும்? காற்று எல்லோருக்கும் பொதுவானதுதானே!